ராத்திரி வரை நன்றாகத்தானே இருந்தது

ராணி போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு இறந்துபோனாள். லாப்ரடார், ஒன்பதரை வயது, முப்பது கிலோ இருப்பாள். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டை வழித்துத் தின்றுவிட்டுத் தட்டை நக்கி நக்கித் திண்ணை ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனவள். காலை ஆறு மணிக்கு வழக்கம்போல அடுக்களை வாசலில் வந்து நின்றாள், பாலை முகர்ந்து பார்த்தாள், குடிக்காமல் திரும்பி துளசி மாடத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினாள். தூக்கி நிறுத்தப் பார்த்தேன், பின்னங்கால் நிற்கவில்லை. என் தங்கை அவள் மேலுதட்டை விலக்கிப் பார்த்து, "அண்ணே, ஈறு வெள்ளையா இருக்கு" என்றாள். வெளிறிப்போன ரோஸ்கூட இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஆட்டோவில் ஏற்றி மடியில் போட்டுக்கொண்டு போனோம். பாதி வழியில், ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது, ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு வந்தவர்கள், போன் செய்தவர்கள் எல்லோரும் சொன்னது மூன்றே விஷயம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். கண் பட்டுவிட்டது. வீட்டுக்கு வரவேண்டிய கண்டத்தை நாய் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இந்த மூன்றாவதைச் சொல்லும்போது யார் குரலிலும் விகற்பம் இருக்காது, ஆறுதலாகத்தான் சொல்வார்கள், நாயின் மேல் உள்ள நன்றியும் அதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அது போதவில்லை. ராத்திரி வரை நன்றாக இருந்த ஓர் உயிர் காலையில் எப்படிப் போகும்? அம்மா "செத்த பிறகு எதுக்கு அறுக்கணும், நிம்மதியாப் போகட்டும்" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, ராணியைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். அந்த ஒரு முடிவுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

வயிற்றைத் திறந்ததும் ரத்தம். ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும் என்றார் டாக்டர். மண்ணீரலின் ஒரு முனையில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு கட்டி, கருஞ்சிவப்பாக, நடுவில் கிழிந்து. கல்லீரலிலும் சின்னச் சின்னதாகக் கரும்புள்ளிகள். திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்துப் பெயர் வந்தது: ஹெமாஞ்சியோசார்கோமா. ரத்தக் குழாய்களின் உள்சுவரில் தொடங்கும் புற்றுநோய். விஷமும் இல்லை, கண்ணும் இல்லை.

நாயின் திடீர் மரணம் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள இந்த ஒரு நோயைப் புரிந்துகொண்டாலே பாதி தெளிவு வந்துவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மண்ணீரல் என்பது இரைப்பைக்குப் பக்கத்தில் நாக்கு மாதிரி நீளமாகத் தொங்கும் உறுப்பு, ரத்தத்தைச் சேமித்து வைக்கும், பழைய ரத்த அணுக்களை வடிகட்டும். அங்கே ரத்தக் குழாயின் சுவர் செல்லே புற்றாக மாறும்போது அது ஒழுங்கான குழாய்களைக் கட்டத் தெரியாமல் கட்டுகிறது. கட்டிக்குள் ரத்தம் தேங்கிய குழிகள், அவற்றைச் சுற்றிக் காகிதம்போல் மெல்லிய சுவர். நாய்க்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பசி குறையாது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் பல சமயம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் துள்ளிக் குதிக்கும்போதோ, ஒன்றுமே செய்யாமல் படுத்திருக்கும்போதோ அந்தச் சுவர் கிழிந்துவிடும். நாயின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 85 மில்லி ரத்தம், ராணி மாதிரி முப்பது கிலோ நாய்க்கு மொத்தமே இரண்டரை லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் வயிற்றுக்குள் கொட்டிவிட்டால் இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இல்லை. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. ஈறு மட்டும் வெளுக்கும்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களில், எட்டு வயதுக்கு மேல், இந்த நோய் அதிகம். இதே புற்று இதயத்தின் வலது மேலறையிலும் வரும், அங்கே கசியும் ரத்தம் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் தேங்கி, இதயம் விரியவே இடமில்லாமல் நெருக்கிவிடும். அந்த நாயும் நடக்கும்போதே சரிந்து விழும், பார்த்தவர்கள் மாரடைப்பு என்பார்கள். மனிதருக்கு வருகிற மாதிரி கொழுப்பு அடைத்து வரும் மாரடைப்பு நாய்க்கு வருவது மிக அபூர்வம், ஆனாலும் காரணம் தெரியாத எல்லா நாய் மரணத்துக்கும் நாம் அந்தப் பெயரைத்தான் வைக்கிறோம்.

ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி நான் பழைய நாட்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது ராணி திடீரென்று தளர்ந்து படுத்தாள், சாப்பிட வரவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், பயந்துவிட்டாள் என்று நினைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் பழையபடி ஓடினாள். அது வெடிச் சத்தம் இல்லை. அன்றைக்குக் கட்டி லேசாகக் கசிந்திருக்கிறது, கசிவு தானாக நின்றிருக்கிறது, வயிற்றில் சேர்ந்த ரத்தத்தை உடம்பே ஒன்றிரண்டு நாளில் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இந்த நோயில் இது வழக்கமாக நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். ஒருநாள் சோர்வு, மறுநாள் சரி. யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள்.

அப்படியென்றால் 'திடீர்' என்பது நமக்குத்தான். அவள் உடம்புக்குள் அது மாதக் கணக்கில் நடந்துகொண்டிருந்தது. நாய் வலியையும் பலவீனத்தையும் காட்டிக்கொள்ளாத பிராணி, தாங்கக்கூடிய கடைசி எல்லை வரை வாலை ஆட்டும். இன்னொன்று, உடம்பு ஈடுகட்டும். ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடிக்கும், தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கும், மண்ணீரலே சுருங்கித் தன் சேமிப்பை வெளியே விடும். இந்த ஈடுகட்டல் நடக்கும்வரை நாய் ஆரோக்கியமாகத் தெரியும். அது தீர்ந்த இடத்தில் ஒரேயடியாகச் சரியும். நாம் பார்ப்பது அந்தச் சரிவை மட்டும்தான்.

முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா? இந்தக் கேள்வியை நான் அந்த டாக்டரிடம் நேராகவே கேட்டேன். வயிற்று ஸ்கேனில் கட்டி தெரிந்திருக்கும். ஆனால் நல்ல கட்டியா புற்றா என்று ஸ்கேன் சொல்லாது, மண்ணீரலை எடுத்துத் திசுவைப் பார்த்தால்தான் தெரியும். மண்ணீரல் இல்லாமலும் நாய் வாழும், எனவே அது வெறும் ரத்தக்கட்டாக இருந்தால் ஆபரேஷனோடு குணம். புற்றாக இருந்தால் ஆபரேஷன் மட்டும் செய்த நாய்கள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், கீமோவும் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாதம். கல்லீரலுக்குப் பரவியிருந்த ராணிக்கு அதுவும் நிச்சயமில்லை. இதைக் கேட்டபோது அழுகை வந்தது, கூடவே இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. 'நான் கவனிக்கவில்லை, நான்தான் கொன்றுவிட்டேன்' என்று தன்னையே தின்றுகொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

ஆனால் எல்லாத் திடீர் மரணமும் இப்படிக் கைமீறியதில்லை. சிலவற்றில் ஒரு மணி நேரம் முந்தினால் நாய் பிழைக்கும். அதில் முதலாவது வயிறு முறுக்கிக்கொள்வது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற பெரிய நாய்கள், நம்மூர் ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சு ஆழமாக இறங்கிய உடல்வாகு, இவற்றில் இரைப்பைக்கு ஆட இடம் அதிகம். காற்றால் உப்பும் இரைப்பை அப்படியே சுழன்றுவிட்டால் மேல்வாயும் கீழ்வாயும் முறுக்கிக்கொள்ளும், காற்று வெளியேற வழியில்லை, மேலும் உப்பும். உப்பிய இரைப்பை இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அழுத்தும், இரைப்பைச் சுவர் ரத்தமில்லாமல் சாக ஆரம்பிக்கும். சில மணி நேரம்தான்.

இதன் அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நாய் வாந்தி எடுக்க முயலும், ஓங்கரிக்கும், கழுத்தை நீட்டி நீட்டிக் குமட்டும், ஆனால் ஒன்றும் வராது, நுரைத்த எச்சில் மட்டும் வழியும். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலையும், வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் தட்டினால் மத்தளம் மாதிரி கேட்கும். இது ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தால் 'அஜீரணம், காலையில் பார்ப்போம்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படுப்போம், காலையில் நாய் இருக்காது. வாந்தி வராத ஓங்கரிப்பு என்றால் விடியக் காத்திருக்காதீர்கள், திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பெரிய நாய்க்கு ஒரு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும். அவசர அவசரமாக விழுங்கும் நாய்க்கும், அப்பா அம்மாவுக்கு இது வந்திருக்கும் நாய்க்கும் ஆபத்து கூடுதல்.

இதயத்தைப் பொறுத்தவரை டாபர்மேன் வைத்திருப்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. இதயத் தசை தளர்ந்து, இதயம் பெரிதாகிப்போகும் டைலேட்டட் கார்டியோமயோபதி இந்த இனத்தின் சாபம். 2010-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட டாபர்மேன்கள் வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றன என்று தெரியவந்தது. வருஷக் கணக்கில் வெளியே எதுவும் தெரியாது, உள்ளே அவ்வப்போது இதயம் தாளம் தப்பும். பந்தை எடுக்க ஓடிய நாய் பாதியில் விழுந்து எழாமல் போவது இதனால்தான், சில நாய்களுக்கு முதல் அறிகுறியே அந்த விழுதல்தான். பாக்ஸர் இனத்திலும் தாளம் தப்பும் வேறொரு பரம்பரை நோய் உண்டு. டாபர்மேன் என்றால் மூன்று வயதிலிருந்து வருஷா வருஷம் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள். பெரிய ஊர்களில் கிடைக்கிறது, செலவு உண்டு, ஆனால் நோய் முன்னே தெரிந்தால் மாத்திரைகளால் நல்ல நாட்களை நீட்டிக்க முடியும்.

வீட்டைச் சுற்றி வயலோ புதரோ இருந்தால் பாம்பை மறக்கக் கூடாது. நல்ல பாம்பு என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும், நாய் குரைத்துச் சண்டை போடும், முகத்திலோ முன்னங்காலிலோ கடிபட்டு வீங்கும். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கம், ரத்தம் உறையாமல் கசிவு, சிறுநீரகக் கோளாறு. காரணமே தெரியாமல் போவது கட்டு விரியன் கடியில். ராத்திரியில் நடமாடும் பாம்பு, வலியும் குறைவு, வீக்கமும் இருக்காது. நாய் தூக்கத்திலிருந்து எழுந்து தள்ளாடும், இமை தொங்கும், பிறகு மூச்சு விடும் தசையே செயலிழக்கும். காலையில் கோலம் போட வரும்போது காம்பவுண்டு ஓரம் விறைத்துக் கிடக்கும், மேலே ஒரு காயமும் இல்லை, 'மாரடைப்பு' என்று புதைத்துவிடுவோம். மனிதருக்குக் கொடுக்கும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் கொடுக்கிறார்கள், சுருட்டை விரியனையும் சேர்த்து இந்த நான்கு பாம்புக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. நேரத்துக்குப் போனால் பிழைக்கிற நாய்கள் நிறைய.

இனி விஷம். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் பாதிச் சமயம் வைத்தது பகையாளி இல்லை, நம் வீட்டு ஸ்டோர் ரூமில் எலிக்கு வைத்ததை நாய் தின்றிருக்கும். அல்லது விஷம் தின்று செத்த எலியை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்து தின்ற அன்றைக்கு ஒன்றுமே செய்யாது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ ரத்தம் கசியும். அதற்குள் தின்றதே மறந்திருக்கும். இதற்கு வைட்டமின் கே நல்ல மாற்று மருந்து, தின்ற அன்றே டாக்டரிடம் சொன்னால் பிழைத்துவிடும், அட்டையையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துப் போங்கள். பூச்சி மருந்து என்றால் சில மணி நேரத்தில் எச்சில் ஊற்றும், உடம்பு நடுங்கி வெட்டி வெட்டி இழுக்கும். வேண்டுமென்றே வைத்தார்கள் என்ற சந்தேகம் உறுதியாக இருந்தால், புதைப்பதற்கு முன் போலீஸில் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி பிராணியைக் கொல்வதற்கு ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்து எதிர்வீட்டுக்காரரோடு பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த நாய்க்கும் ராணிக்கு வந்ததே வந்திருக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் ரொம்ப சாதாரணம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்துகொண்டே போய் ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும்போதுதான் கவனிப்போம், இது முன்னே தெரிந்தால் மாத்திரையில் குணமாகும். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இரண்டே நாளில் முடிந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் பக், பிரெஞ்ச் புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களை மதியம் வெளியே கொண்டுபோகவே கூடாது, காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் போகவும் கூடாது. நாயின் சாதாரண உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 106-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். அப்படி விழுந்த நாய்க்கு முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேன் போடுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

வெறிநாய்க்கடி நோயைப் பற்றி மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென்று இறந்த நாய், இறப்பதற்கு முந்தின பத்து நாளுக்குள் யாரையாவது கடித்திருந்தாலோ, பல் பட்டிருந்தாலோ, யாருடைய புண்ணையாவது நக்கியிருந்தாலோ, அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. அந்த ஆளை அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், ஊசி அங்கே இலவசம். எச்சிலில் கிருமி வர ஆரம்பித்த நாய் பத்து நாளுக்குள் நோய் வெளிப்பட்டு இறந்துவிடும் என்பதால்தான் அந்தப் பத்து நாள் கணக்கு. குரல் மாறியது, தாடை தொங்கியது, காரணமில்லாமல் வெறித்தது, இப்படி எதையாவது பார்த்திருந்தால் பிரேதப் பரிசோதனை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிரேதப் பரிசோதனை செய்ய நினைப்பவர்களுக்கு நேரம்தான் எதிரி. நம் வெயிலில், அதிலும் அடர்ந்த ரோமமும் கொழுப்பும் உள்ள நாய் என்றால், சில மணி நேரத்தில் உள்ளே கெட்டுப்போகும், பிறகு எது நோய் எது அழுகல் என்று பிரிக்க முடியாது. ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பைகளை வயிற்றையும் நெஞ்சையும் ஒட்டி வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள், திசு கெட்டுவிடும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, நோய்க்குறியியல் துறையில் கேளுங்கள். தூரம் என்றால் பக்கத்து அரசுக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா பயந்த மாதிரி இல்லை, தைத்துத்தான் கொடுத்தார்கள், துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது அவள் தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இந்தப் பரிசோதனை அதற்காகவாவது வேண்டும். விஷமா, பார்வோவா, எலிக் காய்ச்சலா என்பது தெரிந்தால்தான் மிச்சம் இருப்பதைக் காக்க முடியும், எலிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

கொல்லையில் வேப்ப மரத்தடியில் நாலடிக் குழி வெட்டிப் புதைத்தோம். 'நாய்க்கு இவ்வளவா' என்று ஒருவர் கேட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர், அங்கே மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளை மீட்கப் போராடி இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டினவர்களின் ஊரில்தான் நாமும் இருக்கிறோம். இவ்வளவு செய்யலாம்.

இப்போது வீட்டில் மணி இருக்கிறான், நாட்டு நாய், ராணியோடு ஒரே தட்டில் வளர்ந்தவன். அவள் போன பிறகு ஒரு வாரம் துளசி மாடத்தைத் தாண்டி வரவில்லை. தினமும் ராத்திரி அவன் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்க்கிறேன், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுகிறேன், நிமிஷத்துக்கு முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். நேற்று பதினெட்டு. ஆவணியில் அவனுக்கு எட்டு வயது முடிகிறது, வயிற்று ஸ்கேனுக்கு அடுத்த வாரம் கூட்டிப் போகிறோம்.